அஸ்திவாரத்துக்கு முன் ஒரு சோதனை வில்லை

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண்ணோடே வயதானவன் எழுதுகிறேன். புது லோடு மண் வந்து இறங்கினால் நாங்கள் அதை நேராக அச்சுக்குக் கொண்டுபோக மாட்டோம். ஒரு பிடி எடுத்து வில்லையாகத் தட்டி, பத்து சென்டிமீட்டருக்குக் கோடு கீறி, காயவைத்துச் சூளையில் சுட்டு, கோடு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளப்போம். அகல் விளக்கு விரிசல் விடாமலிருக்க இவ்வளவு பாடு.

அப்படிப்பட்ட நான் வீடு கட்டும்போது மண்ணைச் சோதிக்கவில்லை. நாலடி தோண்டினால் போதும் என்றார்கள், தலையாட்டினேன். கரிசல் பூமி. சித்திரையில் சுவர் வெடிப்பில் ஒரு ரூபாய்க் காசு நுழையும். ஐப்பசி மழையில் வெடிப்பு மூடிக்கொள்ளும், கதவு நிலையில் இறுகிக்கொள்ளும். அது என் வீட்டோடு போகட்டும். நம் ஊரில் இனி எழும்பப்போகும் பள்ளிகள், மருத்துவமனைகள், அடுக்குக் குடியிருப்புகளை நினைத்துத்தான் இந்த மடல்.

விருத்தாசலத்தின் நிலம் ஒரே மாதிரியானதல்ல. புதுச்சேரி, அரியலூர் போலவே இங்கும் கிரிட்டேசியஸ் காலக் கடற்படிவுகள் உண்டு. மேற்கே போனால் கெட்டிப் பாறை. கிழக்கே நெய்வேலிப் பக்கம் கடலூர் மணற்கல்லும் அதன் கீழே பழுப்பு நிலக்கரியும். ஊருக்குள் மணிமுத்தாற்றங்கரையில் வண்டல். ஒரு மனையில் எடுத்த மண் அறிக்கையை நகலெடுத்து அடுத்த மனையின் கோப்பில் சொருகினால், அது அந்தக் காகிதத்துக்கு மட்டுமே பொருந்தும்.

‘இங்கே எங்கே நிலநடுக்கம்?’ என்று கேட்பவர்கள் 2001 செப்டம்பர் 25 இரவை மறந்துவிட்டார்கள். புதுச்சேரிக்குக் கிழக்கே வங்கக் கடலடியில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தது. சென்னை வரை மக்கள் வீதிக்கு ஓடிவந்தார்கள். 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டபோது, அந்த இடம் நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்தது. 2002-இல் அந்த மண்டலத்தையே நீக்கினார்கள். சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. வரைபடம் மண்டலத்தைச் சொல்லும், மனையைச் சொல்லாது. இளகிய மண் அதிர்வைப் பெருக்கும். நீர் ஊறிய தளர்ந்த மணல் குலுக்கலில் குழம்பாகும். 2001 ஜனவரியில் குஜராத்தின் பூஜ் நடுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கார் நிறுத்தத் தரைத்தளத்தை வெறும் தூண்களில் விட்டவை.

கட்டடம் விழ நிலநடுக்கமும் வேண்டியதில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அன்று நிலம் அதிரவில்லை, மழைதான் பெய்தது.

மண்ணைக் கேட்பது பெரிய வித்தையல்ல. மனையில் நாலைந்து இடத்தில் துளையிட்டு, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுகிறார்கள். கரிசல் என்றால் தண்ணீரில் எவ்வளவு உப்புகிறது என்றும் பார்க்கிறார்கள். கரிசலில் கட்டுவதற்கான வழியும் நம் நாட்டிலேயே இருக்கிறது. வெயிலும் மழையும் எட்டாத ஆழத்துக்கு, பொதுவாக 3.5 மீட்டருக்குக் கீழே இறங்கி, அடியில் குமிழ்போல் அகன்று நிற்கும் ‘அண்டர்-ரீம்டு பைல்’ அடித்தளத்தை, ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காகவே வளர்த்தெடுத்தது.

ஆகவே தங்களிடம் மூன்று வேண்டுகோள். அரசுக் கட்டடம் எதுவானாலும் அந்த மனையிலேயே எடுத்த மண் அறிக்கை கைக்கு வந்த பிறகே டெண்டர் விடுங்கள். தொகையை முதலில் முடிவுசெய்துவிட்டால் அடித்தளம் அந்தத் தொகைக்குள் அடங்கக் குறுகிவிடும். அறிக்கையையும் கட்டமைப்பு வடிவமைப்பையும் ஒப்பந்ததாரரோடு தொடர்பில்லாத ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் சரிபார்க்கட்டும். மண் என்ன, அடித்தளம் எவ்வளவு ஆழம், எந்த மண்டலத்துக்கு வடிவமைத்தது என்ற மூன்றையும் கட்டுமான இடத்துப் பலகையில் தமிழில் எழுதி வையுங்கள். கொத்தனாரும் படிப்பார், பிள்ளையைச் சேர்க்கப்போகும் தாயும் படிப்பாள்.

சூளையில் பொருள் பாழானால் உடைத்துத் தூளாக்கி, வேறு கலவையில் சேர்த்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்துக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் கேட்கிறேன்: வில்லையை முதலில் தட்டுங்கள்.

இப்படிக்கு,
விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி ஒருவன்