பழைய இரும்புக்குப் போகலாமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் பின்புறம் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் அடியில் இரண்டு சக்கரங்களின் மேல் ஒரு பழைய பம்பு நிற்கிறது. டிரெய்லர் பம்பு என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் லாரியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வார்களாம். குளமோ கிணறோ அருகில் இருந்தால் போதும், அதிலிருந்து நீரை உறிஞ்சித் தீயின் மேல் பாய்ச்சும். இன்று அதன் சிவப்புச் சாயம் உதிர்ந்துவிட்டது. டயர்கள் மண்ணில் புதைந்து கிடக்கின்றன. பித்தளை வாய்கள் மட்டும் தேய்த்தால் இன்னும் பளபளக்கும். நான் தேய்த்துப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பம்பைப் பழைய இரும்புக்கு ஏலம் விடப்போவதாகக் கேள்விப்பட்ட அன்று என் தாத்தா மாலைக் காபியைத் தொடவில்லை. அவர் 1972-இல் தீயணைப்பு வீரராகச் சேர்ந்து, 2008-இல் ஓய்வு பெற்றவர். "போகட்டும் விடும்மா, அதுவும் என்னை மாதிரி கிழமாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

என் கருத்து இதுதான். அந்தப் பம்பும், நிலையத்தின் மூலையில் கிடக்கும் பழைய மணியும், தலைக்கவசங்களும், கான்வாஸ் குழாய்களும், பழைய பதிவேடுகளும் ஓர் அறையில் வைத்துக் காக்கப்பட வேண்டும். பெரிய மாளிகை வேண்டாம். ஒரே ஓர் அறை போதும்.

இதைச் சொன்னபோது என் தோழிகள் சிரித்தார்கள். "அருங்காட்சியகம் என்றால் எழும்பூரில் இருக்கிறதே, அது போல் அல்லவா இருக்க வேண்டும்? நம் ஊருக்கு எதற்கு?" என்றாள் ஒருத்தி. அவளுக்குப் பதில் சொல்ல, மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொன்ன ஒரு வரலாறு எனக்குத் துணையாக வந்தது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பெஷ்டிகோ என்று ஒரு சிற்றூர். காட்டு மரங்களை வெட்டி அறுத்துப் பிழைத்த ஊர். வீடுகள் மரம், நடைபாதைகள் மரம், தெருவில் கொட்டிக் கிடந்ததும் மரத்தூள். 1871-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே மழையே இல்லை. வெட்டிய மரக் கிளைகளைக் காட்டிலேயே குவித்துக் கொளுத்தும் வழக்கம் வேறு இருந்தது. அக்டோபர் 8-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, பெருங்காற்று எழுந்தது. ஆங்காங்கே புகைந்துகொண்டிருந்த சிறு தீக்கள் ஒன்று சேர்ந்து ஊரின் மேல் விழுந்தன. சுற்றுவட்டாரம் முழுவதிலும் மாண்டவர்கள் 1,200 முதல் 2,500 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். ஏன் இப்படி ஒரு பெரிய இடைவெளி? ஊரின் பதிவேடுகளும் எரிந்துபோயின. அடையாளம் சொல்ல உறவினரும் மிஞ்சவில்லை. ஏறக்குறைய 350 பேரை ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள்.

அந்த ஊரின் பங்குத்தந்தை பீட்டர் பெர்னின் அடிகளார். தீ நெருங்கியதும் தம் குதிரையை அவிழ்த்துவிட்டார். கோவிலில் இருந்த மர நற்கருணைப் பேழையின் சாவி அவசரத்தில் கை நழுவி விழுந்துவிட்டது. தேட நேரமில்லை. பேழையையே தூக்கித் தம் வண்டியில் வைத்து, குதிரை இல்லாத அந்த வண்டியைத் தாமே இழுத்துக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினார். வழியில் பாலத்தின் மேல் ஒரு கொடுமை. இக்கரையில் இருந்தவர்கள் அக்கரை பத்திரம் என்று ஓட, அக்கரையில் இருந்தவர்கள் இக்கரை பத்திரம் என்று ஓடி வர, நடுவில் முட்டி மோதிக்கொண்டார்கள். அடிகளார் வண்டியை ஆற்றில் தள்ளிவிட்டார். கரையில் திகைத்து நின்றவர்களையும் பிடித்து நீருக்குள் தள்ளினார். ஐந்து மணி நேரத்துக்கு மேல் அவர்கள் ஆற்றில் நின்று, ஒருவர் தலையில் ஒருவர் நீரை வாரி இறைத்துக்கொண்டே உயிர் பிழைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பேழை ஒரு மரக்கட்டையின் மேல் சேதமின்றி இருந்தது. அடிகளார் இதையெல்லாம் எழுதி 1874-இல் புத்தகமாக வெளியிட்டார். எரிந்துபோன கோவிலை மறுபடி கட்டப் பணம் சேர்ப்பதற்காகவே அந்தப் புத்தகம்!

இதே இரவில்தான் சிகாகோ நகரமும் எரிந்தது. அங்கே இறந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர். ஆனால் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது சிகாகோவைத்தான். ஒரு பசுமாடு விளக்கை உதைத்துத் தள்ளியதால் அந்தத் தீ வந்தது என்ற கட்டுக்கதையைக்கூட உலகம் மறக்கவில்லை. இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விட, நடக்காத கதையில் வந்த ஒரு பசுவுக்குப் புகழ் அதிகம்! தந்திக் கம்பிகள் எரிந்துவிட்டதால் பெஷ்டிகோவின் செய்தி வெளியே போகவே நாளாயிற்று. மாநில ஆளுநர் அதற்குள் சிகாகோவுக்கு உதவப் போய்விட்டார். அப்போது அவருடைய மனைவி, இருபத்து நான்கு வயது பிரான்சிஸ் பேர்சைல்டு அம்மையார், சிகாகோவுக்குப் போகவிருந்த ஒரு ரயில் பெட்டிச் சாமான்களை வடக்கே பெஷ்டிகோ பக்கம் திருப்பி அனுப்பினார். போர்வைகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கி அதில் ஏற்றினார். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. இதைப் படிக்கும் தோழியர் இந்த இடத்தில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தால் நான் மகிழ்வேன்.

அந்த ஊரார் 1963-இல் ஒரு பழைய கோவில் கட்டடத்தில் சிறிய அருங்காட்சியகம் அமைத்தார்கள். பக்கத்திலேயே அந்தக் கல்லறைத் தோட்டம். தீயில் தப்பிய பொருள்கள் மிகச் சிலவே. எல்லாமே எரிந்த ஊரில் எதை வைப்பது? ஆனாலும் நற்கருணைப் பேழை அங்கே இருக்கிறது. மற்றவை, அந்தக் காலத்து மக்கள் பயன்படுத்திய வீட்டுச் சாமான்கள், ஊரார் கொடுத்தவை. தொண்டு உள்ளம் கொண்டவர்கள்தாம் அதை நடத்துகிறார்கள். சிகாகோவின் நிழலில் மறைந்துபோன ஓர் ஊர், தன் கதையைத் தானே சொல்லிக்கொள்வது அந்தச் சிறு கட்டடத்தில்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். ஏப்ரல் 14 என்றால் நமக்கெல்லாம் என்ன? சித்திரை முதல் நாள், விடுமுறை, பாயசம். ஆனால் இந்தியத் தீயணைப்புத் துறைக்கு அது நீத்தார் நினைவு நாள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிக்கைன்' என்ற கப்பல் தீப்பிடித்தது. அதில் பஞ்சுப் பொதிகளும் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. தங்கக் கட்டிகள்கூட இருந்தனவாம். மதியம் புகை தெரிந்தது. நான்கு மணி கழிந்த சில நிமிடங்களில் வெடித்தது. தீயோடு போராடிக்கொண்டிருந்த 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம்.

எங்கள் வீட்டில் புத்தாண்டு அன்று தாத்தா காலையில் சாப்பிட மாட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போய், இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்த பிறகுதான் இலை போட வேண்டும். சிறு வயதில் அது ஏதோ நேர்ச்சை என்று நினைத்திருந்தேன். பாட்டியும் விளக்கிச் சொன்னதில்லை. பம்பாய்க் கதை எனக்குத் தெரிந்ததே சென்ற ஆண்டுதான். ஒரே வீட்டில் இருக்கும் எனக்கே தெரியவில்லை என்றால், ஊருக்கு எப்படித் தெரியும்?

'எல்லாம் கைபேசியில் கிடைக்குமே' என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கும், பம்பாய் கிடைக்கும், சிகாகோ கிடைக்கும். எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு, தீ என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் வராது. நான் தேடிவிட்டேன். ஆனால் தாத்தாவைக் கேட்டால் ஒரு கோடை முழுவதற்கும் கதை இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நாள்களில் ஆற்றங்கரையோரம் வரிசையாகக் கூரை வீடுகள். பங்குனி வெயிலில் ஒரு கூரை பற்றினால் அடுத்த நிமிடம் அடுத்த கூரை. வண்டி போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் எரியும் வீட்டில்தான் தண்ணீர் அடிப்பார்கள் என்று நாம் நினைப்போம். இல்லை! தாத்தாவின் வேலை, நீண்ட மூங்கிலில் பொருத்திய இரும்புக் கொக்கியால், இன்னும் பற்றாத வீட்டின் கூரையை இழுத்துத் தள்ளுவது. நடுவில் ஒரு வெற்றிடம் உண்டாக்கினால்தான் மீதி வரிசை தப்பும். அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? "எரியாத என் வீட்டை ஏனய்யா பிரிக்கிறாய்?" என்று மண்ணை வாரி இறைப்பார். தாத்தாவின் இடது முழங்கையில் ஒரு தழும்பு உண்டு. தீக்காயம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அது அப்படி ஒரு வீட்டுக்காரர் எறிந்த செங்கல்லால் வந்தது. அன்று பிரிக்கப்பட்ட அந்த ஒரு வீட்டுக்கு அப்பால் பதினோரு வீடுகள் தப்பின என்று தாத்தா சொல்வார். எறிந்தவர் மறுநாள் வந்து அழுதாராம். தாத்தா அவருக்குக் கூரை வேயத் தென்னங்கீற்று வாங்கிக் கொடுத்தாராம்.

அந்தக் கொக்கி இன்னும் நிலையத்தில் இருக்கிறது. துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டு. எடை போட்டால் என்ன விலை பெறும் என்று எனக்குத் தெரியாது, அதிகம் இராது. கதை தெரியாதவருக்கு அது இரும்பு. ஆகவே பொருளை வைத்தால் மட்டும் போதாது, அதைக் கையில் பிடித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியை எழுதி அருகில் வைக்க வேண்டும். இதில்தான் எனக்கு அவசரம். தாத்தா இப்போதெல்லாம் பெயர்களை மறந்துபோகிறார். அந்தக் கூரைத் தீ எந்த ஆண்டு என்று கேட்டால், ஒரு நாள் 1978 என்கிறார், ஒரு நாள் 1981 என்கிறார். நிலையத்துப் பதிவேட்டில் பார்த்தால் தெரியும். ஆனால் பழைய பதிவேடுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

இன்னொரு மறுப்பும் உண்டு. அது என் அம்மா சொன்னது. சிரித்துத் தள்ளக்கூடியது அல்ல. "துக்கத்தை ஏன் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும்?" என்றார் அம்மா. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். மதிய உணவு சமைத்த இடத்தின் தீப்பொறிதான் காரணம் என்றார்கள். அந்த வாரம் தாத்தா வீட்டில் யாரோடும் பேசவில்லையாம். அம்மா அப்போது கல்லூரி மாணவி. இன்றும் அந்தச் செய்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அம்மாவின் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒரு குழந்தையின் புத்தகப் பையைக் காட்சிக்கு வைக்கலாமா என்றால், அதைப் பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். நாம் சொல்ல உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் என் வகுப்பில் கேட்டேன். அந்த நாளைப் பற்றித் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. நாங்கள் எல்லாரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரையை ஏன் அகற்றினார்கள், மாடிப்படி வாயிலில் பெஞ்சு போட்டால் சிஸ்டர் ஏன் அத்தனை கோபப்படுகிறார், தீப்பயிற்சி மணி அடித்தால் பேசாமல் வரிசையில் ஏன் இறங்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால்தான் பயிற்சியின்போது சிரித்துக்கொண்டு இறங்குகிறோம். நானும் சிரித்திருக்கிறேன். காரணத்தை மறைத்துவிட்டு விதியை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்தால், அவர்கள் அந்த விதியை ஒரு நாள் தூக்கி எறிவார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் நூலகத்தின் பின்பக்கம் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. நம் பங்கு மன்றத்திலும் ஓர் அறை உண்டு. அதில் இப்போது உடைந்த நாற்காலிகள் இருக்கின்றன. சாயம் பூச, பித்தளை தேய்க்க, பெயர்ப் பலகை எழுத நாங்கள் இருக்கிறோம். சாரணியர் இயக்கத் தோழியர் சனிக்கிழமைகளில் வரத் தயார் என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற்ற வீரர்கள் எங்கள் வட்டாரத்தில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று தாத்தா கணக்குச் சொன்னார். அவர்களிடம் கேட்டு எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும்.

நானும் என் வகுப்புத் தோழியரும் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். தமிழாசிரியை பிழை திருத்திக் கொடுத்தார். தலைமையாசிரியைச் சகோதரி அதைப் படித்துவிட்டு, "அடுத்த வாரம் நானும் உங்களோடு வருகிறேன்" என்றார். ஏலத் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் நேரத்தில் மழை தூறத் தொடங்கியிருக்கிறது. தாத்தா சைக்கிளின் பின்னால் ஒரு பழைய தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போயிருக்கிறார். பாட்டி வாசலில் நின்று, இந்த வயதில் மழையில் நனைய வேண்டுமா என்று திட்டிக்கொண்டிருக்கிறார்.