சாயம் வெளுத்த கிட்டார்கள்

பொய்வேடம் பூண்டு திரிந்த ஒருவனுடைய உண்மை நிலை வெளிப்பட்டுவிட்டால், "அவனுடைய சாயம் வெளுத்துவிட்டது" என்று கூறுவது நம்மவர் வழக்கம். புதிதாக வாங்கிய சேலை முதற் சலவையிலேயே வெளுத்துவிட்டால் கடைக்காரரை நொந்துகொள்ளாத இல்லத்தரசி இல்லை. வெளுத்த சாயம் என்றதும் நம் மனத்தில் எழுவது இகழ்ச்சியே. ஆயினும், சாயம் வெளுத்த பின்னரும் மதிப்புக் குன்றாது, வெளுத்தமையாலேயே பலராலும் விரும்பப்படும் பொருளொன்றும் உலகில் உண்டு. அமெரிக்க நாட்டில் 1950ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலத்திற் செய்யப்பட்ட மின்கிட்டார்களையே நாம் குறிப்பிடுகின்றோம். அவற்றின் மேற்பூச்சு எவ்வாறு முதுமை எய்துகின்றது என்பதையும், அதிலிருந்து நாம் அறிந்துகொள்ளத்தக்கது யாது என்பதையும் இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

மின்கிட்டார் வரலாற்றில் இரண்டு தொழிற்சாலைகள் முதன்மையானவை. ஒன்று, கலிபோர்ணியா மாநிலத்தின் புளர்ட்டன் நகரில் லியோ பெண்டர் என்பவர் நிறுவியது. 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கிட்டார் அங்கே பிறந்ததாகும். மற்றையது, மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் தொழிற்சாலை. லெஸ் போல் என்ற புகழ்பெற்ற கலைஞரின் பெயர் தாங்கிய கிட்டாரை அது 1952இல் வெளியிட்டது. இவ்விரு தொழிற்சாலைகளும் அக்காலத்திற் பெரிதும் கையாண்ட மெருகுப்பூச்சு நைத்திரோசெலுலோசு லக்கர் எனப்படும்.

பெயரைக் கேட்டு மாணவர்கள் மருளவேண்டியதில்லை. பஞ்சில் உள்ள செலுலோசை நைத்திரிக்கமிலமும் சல்பூரிக்கமிலமும் சேர்ந்த கலவையில் இட்டால் நைத்திரோசெலுலோசு உண்டாகும். அதில் நைதரசன் மிகுதியாக ஏறினால் வெடிமருந்தாகும். குறைவாக ஏறியதைத் தக்க கரைப்பானிற் கரைத்தால் மெருகுப்பூச்சாகும். ஒரு குடும்பத்திற் பிறந்த இருவருள் ஒருவன் போர்வீரனாகவும் மற்றவன் ஓவியனாகவும் ஆனது போன்றது இது. 1920ஆம் ஆண்டுகளில் டியூபொன்ட் கம்பனி இவ்வகைப் பூச்சை "டியூக்கோ" என்ற பெயரில் மோட்டார்க் கார்களுக்கு வழங்கியது. அதற்கு முன்னர் ஒரு காரின் வர்ண வேலை முடிவதற்கு நாட்களும் வாரங்களும் சென்றன. டியூக்கோவோ சில மணி நேரத்திற் காய்ந்தது. விரைவிற் காய்ந்து கண்ணாடிபோல் மின்னும் பூச்சினை வாத்தியம் செய்வோரும் விரும்பியதில் வியப்பில்லை.

பெண்டர் தொழிற்சாலையார் கார்களின் வர்ணங்களையே எடுத்துத் தம் கிட்டார்களுக்கும் பூசினர். "பியெஸ்டா ரெட்" என்ற சிவப்பு, போர்ட் கம்பனியின் தண்டர்பேர்ட் காரிலிருந்து வந்தது. "லேக் பிளாசிட் புளூ" என்ற நீலம் கடிலாக் காரிலிருந்து வந்தது. இவ்வர்ணங்களின்மேல் நிறமற்ற லக்கரைப் பூசி மினுக்குவர். காலம் தன் வேலையைத் தொடங்கியது அந்த நிறமற்ற பூச்சிலேதான். நைத்திரோசெலுலோசு ஒளியாலும் வெப்பத்தாலும் மெல்ல மெல்லச் சிதைந்து நைதரசன் ஒட்சைட்டுகளை வெளிவிடும். அத்துடன் தானும் மஞ்சள் நிறம் அடையும். நடன மண்டபங்களிலே நிறைந்திருந்த புகையிலைப் புகையும் இதற்குத் துணைசெய்தது. நீலத்தின்மேல் மஞ்சட் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் பச்சையாகத் தோன்றும் அல்லவா? அவ்வாறே, நீலமாகப் பிறந்த கிட்டார்கள் பல இன்று பச்சை சாயலுடன் விளங்குகின்றன. "ஒலிம்பிக் வைட்" என்ற வெள்ளை, வெண்ணெயின் நிறம் அடைந்துவிட்டது. ஆனால் முன்புறத்திலுள்ள பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினால், வெயில் படாத அவ்விடத்திற் பழைய நிறம் பெரும்பாலும் அப்படியே ஒளிந்திருக்கக் காணலாம்.

இது நிறம் மாறிய கதை. நிறம் மறைந்த கதை இன்னும் சுவையானது. 1958 முதல் 1960 வரை கிப்சன் தொழிற்சாலை செய்த லெஸ் போல் கிட்டார்களின் முகப்பிலே, நடுவில் மஞ்சளும் விளிம்பிற் செம்மையுமாகக் காலைக் கதிரவனைப் போன்ற வர்ணம் தீட்டப்பட்டது. அச்செம்மைக்குப் பயன்பட்டது சாயமாகும். நிறப்பொருள் வேறு, சாயம் வேறு என்பதை மாணவர்கள் இங்கே மனங்கொள்க. நிறப்பொருள் நுண்ணிய தூளாகப் பூச்சினுள் நிற்பது. சாயமோ கரைந்து மூலக்கூறு மூலக்கூறாகப் பரவி, மரத்தின் இழையழகை மறைக்காமல் நிறமூட்டுவது. அதன் அழகும் அதனாலே. அதன் குறையும் அதனாலே. கழியூதாக்கதிர்கள் பட்டபோது அந்தச் சிவப்புச் சாயத்தின் மூலக்கூறுகள் உடைந்தன. மஞ்சள் நிலைத்தது, சிவப்பு ஓடிவிட்டது.

கடைச் சாளரத்திற் சில மாதம் தொங்கிய கிட்டார் தேன் நிறமாயிற்று. வேறொன்று தேநீர் நிறமாயிற்று. இன்னொன்று எலுமிச்சம்பழ நிறமாயிற்று. கட்டிலின் கீழே பெட்டியில் உறங்கியது மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆண்டிலே, ஒரே சாயம் பெற்றவை இன்று ஒன்றையொன்று ஒவ்வாதிருப்பது இதனாலேதான்.

கிப்சன் தொழிற்சாலையார் இதனைப் பழுது என்றே கருதினர். ஆகவே 1960இல் வெளுக்காத வேறொரு சிவப்புக்கு மாறினர். அக்கிட்டார்கள் எதிர்பார்த்தவாறு விலைபோகாமையால் அவ்வடிவத்தையே விரைவிற் கைவிட்டனர். அன்று பழுதென்று எண்ணப்பட்ட அந்த வெளுப்பை உடைய கிட்டார்களுக்கு இன்று இலட்சக்கணக்கான டொலர் கொடுக்க ஆட்கள் உளர். செய்தவர் வெட்கிய குறை, வாங்குவோர் போற்றும் நிறைவாயிற்று.

வெடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். மரம் ஈரப்பதனுக்கேற்ப விரியும்; சுருங்கும். புதிய லக்கர் அதனோடு இசைந்து கொடுக்கும். பழைய லக்கர் இறுகி நொறுங்குந் தன்மை அடைந்திருக்கும். கடுங்குளிரிற் கொண்டுவந்த கிட்டார்ப் பெட்டியைச் சூடான அறையிற் சட்டென்று திறந்தால், பூச்சிலே மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடிவிடும். பொன்னிற லெஸ் போலுக்கு வேறொரு விதி. அதன் பொன் உண்மையிற் செப்புக் கலந்த வெண்கலத் தூள். வாசிப்பவரின் முழங்கை உராய்ந்து மேற்பூச்சு தேய்ந்த இடத்தில், வியர்வை பட்டு அது பச்சை பூத்துவிடும். நம் வீட்டுச் செம்பிற் களிம்பு பிடிப்பது போன்றதே இது.

தேய்ந்த கிட்டார்களுள் தலைசிறந்தது அயர்லாந்துக் கலைஞர் ரோரி கல்லஹருடையது. 1961இற் செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. 1963இலே, பதினைந்து வயதுச் சிறுவராக இருந்தபோது, கோர்க் நகரக் கடையொன்றில் அதனை அவர் வாங்கினார். ஊர் ஊராகச் சென்று வியர்வை சிந்தி வாசித்ததனால் பூச்சிற் பெரும்பகுதி போய் வெறும் மரமே தெரியலாயிற்று. அதற்குப் புதுப்பூச்சு இடவேண்டுமென்று அவர் எண்ணவில்லை. 1995இல் அவர் மறைந்தார். 2024இல் ஏலத்திற்கு வந்த அக்கிட்டார், இன்று அயர்லாந்துத் தேசிய அருங்காட்சியகத்தின் உடைமை.

எல்லோரும் அவ்வாறு இருந்தனர் அல்லர். வெளுத்ததே, வெடித்ததே என்று வருந்திப் பழம்பூச்சைச் சுரண்டிப் புதுவர்ணம் பூசியவர் முன்னாளிற் பலர். அக்கிட்டார்களின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுமென்பது வியாபாரிகள் கணக்கு. மறுபுறத்திலே, புதிய கிட்டாரைப் பழையதுபோல் ஆக்கும் தொழிலும் தோன்றியுள்ளது. பெண்டர் கம்பனி 1995 முதலும், கிப்சன் கம்பனி 2021இல் தனிப்பிரிவு ஒன்றை அமைத்தும் இவ்வாறு தேய்த்தும் வெடிக்கச்செய்தும் விற்கின்றன. தேயாத புதுக் கிட்டாரிலும் தேய்த்த புதுக் கிட்டாருக்கு விலை அதிகம்! பழையது வாங்க வசதியில்லாத ஒருவர் அதன் தோற்றத்தையேனும் விரும்புவதில் தவறில்லை. கம்பனிகளும் இதனை மறைத்துச் செய்யவில்லை. மறைத்துச் செய்வோர் வேறு உளர். அவர்களிடம் ஏமாறாதிருக்கவே, வாங்குவோர் கழியூதா விளக்கைப் பிடித்துப் பார்க்கின்றனர். முதிர்ந்த நைத்திரோசெலுலோசு அவ்வொளியிற் பசுமஞ்சளாக ஒளிரும். புதுப்பூச்சு அவ்வாறு ஒளிர்வதில்லை.

இவற்றாலெல்லாம் நாம் உணர்வது ஒன்று. வெளுப்பும் வெடிப்பும் தம்மளவில் அழகென்று நாம் கூறவரவில்லை. அவை நடந்த ஒன்றின் சான்றுகள். இந்தச் சாளரத்தின் வெயில், இந்தக் கையின் உராய்வு, இந்தக் குளிர்காலத்துப் பயணம் என்று ஒவ்வொன்றும் அங்கே பதிந்திருக்கின்றது. சுரண்டிப் புதுப்பிப்பவன் சான்றை அழிக்கின்றான். தேய்த்துப் பழையதென விற்பவன் பொய்ச்சான்று படைக்கின்றான். இருவர் கைக்கும் அகப்படாதது காலம் ஒன்றே.

ஆகவே, இல்லத்தில் முன்னோர் வாசித்த வாத்தியம் ஏதேனும் இருப்பின், அதன் மங்கலைக் கண்டு அவசரப்பட்டு வர்ணக்காரரை அழைத்துவிடாதீர்கள். தூசியைத் துடையுங்கள், வெயிலிலும் சாளரத்தருகிலும் வையாதீர்கள், அறிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். மனிதருடைய சாயம் வெளுத்தால் பொய் வெளிப்படும். இக்கிட்டார்களின் சாயம் வெளுத்தபோது வெளிப்பட்டதோ, அவை உண்மையாக வாழ்ந்த வாழ்க்கை.