வீங்கிய தாடைக்குத் தேதி கொடுக்காதீர்கள்



எங்கள் தாராவியில் பல்வலி என்றால் முதலில் கிராம்புத் தைலம், அடுத்து மெடிக்கல் கடை மாத்திரை. ஈறில் புகையிலையை அதக்கிக்கொள்பவர்களும் உண்டு. பக்கத்து வீட்டு இட்லிக்கார அக்காவுக்குக் காரணம் தெரியாமலே தாடை வீங்கி, வாய்க்குள் ஸ்பூன்கூட நுழையவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி வரும்வரை, கஞ்சியை ஓரமாக உறிஞ்சிக்கொண்டே விடியற்காலையில் மாவு ஊற்றினார். பார்க்கவே வயிறு எரிந்தது.

வலி குறைந்தால் நோய் போய்விட்டதென்று நம்பிவிடுகிறோம். உள்ளே சீழ் இருந்தால் மாத்திரை அதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அது உயிருக்கே ஆபத்து. தேதியைப் பார்க்காமல், நடுராத்திரியானாலும் சயான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடிவிட வேண்டும்.

அவ்வளவு முற்றுமுன் பல்லைக் காட்டலாமென்றால், மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருப்பது மும்பை சென்ட்ரலில். அரசுப் பல் மருத்துவக் கல்லூரியோ சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் அருகே. தினக்கூலிக்காரர் போய்வந்தால் அன்றைய கூலி போயிற்று. தாராவி, செம்பூர் மாநகராட்சி மருந்தகங்களில் மாலையிலும் பல் மருத்துவர் இருக்க வேண்டும். வீக்கத்தோடு வருபவர்களை அன்றைக்கே பார்க்க வேண்டும். மாநகராட்சி இதைச் செய்து தர வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, தாராவி, மும்பை