கைரேகையை வாசிப்பவர் யார்?

பளபளப்புப் பூச்சுள்ள துண்டுப்பிரசுரத்தில் மறைந்திருக்கும் கைரேகையை வெளிக்கொணர்வது இலகுவல்ல. சாதாரண தாள் வியர்வையிலுள்ள அமினோ அமிலங்களை உறிஞ்சிக்கொள்ளும். நின்ஹைட்ரின் பட்டதும் ரேகை ஊதா நிறத்தில் தெரியும். பூச்சுத் தாளிலோ வியர்வையின் ஒரு பகுதி மேலேயே தங்கிவிடும். அதனால் வழமையாக முதலில் சயனோஅக்ரிலேட் ஆவி, பிறகே நின்ஹைட்ரின். வரிசை பிசகினால் தடயம் கெடலாம்.

ஆனால், ரேகை தெரிந்த பிறகுதான் பெரிய ஆபத்து ஆரம்பமாகிறது என்பேன். 2004 மார்ச் 11 மெட்ரிட் ரயில் குண்டுவெடிப்புகளையடுத்து, டெட்டனேட்டர்கள் இருந்த பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகை அமெரிக்கச் சட்டத்தரணி பிராண்டன் மேஃபீல்டுடையது என எஃப்.பி.ஐ. முடிவுகட்டியது. அவர் இஸ்லாத்தைத் தழுவியவர். ஸ்பெயின் பொலிஸார் ஐயம் தெரிவித்தும் மே 6ஆம் திகதி கைதானார். இரு வாரங்களில், ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என ஸ்பெயின் கண்டறிந்தது. 2006இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு 2 மில்லியன் டொலர் வழங்கியது. ஐயம் எழுந்த பின்னரும் நிபுணர்கள் முடிவைச் சரிவர மீளாய்வு செய்யாததற்கு அவரது மதமும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும் என அந்நாட்டு நீதித் திணைக்களத்தின் அறிக்கையே கூறியது.

தாளிலுள்ள ரேகை தொட்டவரைக் காட்டலாம். ஏன் தொட்டார் என்பதைக் காட்டாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கசப்பை அறிந்த நமது சமூகம் ஒன்றைக் கோர வேண்டும்: ரேகையை ஒப்பிடுபவருக்குச் சந்தேக நபரின் பெயரும் மதமும் தெரியக்கூடாது, சரிபார்ப்பவருக்கு முதலாமவரின் முடிவு தெரியக்கூடாது.