மாமன் கடிதம் எங்கே?

சென்ற மாதம் கோவளத்துக்குப் போயிருந்தேன், சகோதரிகளே. கடலைப் பார்க்கத்தான் போனேன். கற்றுக்கொண்டு வந்ததோ வேறு விஷயம்.

அங்கே மீனவப் பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து கருவாடும் இறால் ஊறுகாயும் இன்டர்நெட்டில் விற்கிறார்கள். அந்தக் கடையை ஜாவாவில் எழுதி, டாம்கேட் என்ற சர்வரில் ஏற்றிக் கொடுத்தவள் என் அண்ணன் மகள். அவளுக்குச் சிறுசேரியில் கம்பெனி உத்தியோகம். விடுமுறை நாட்களில் இந்தத் தொண்டு.

நான் போன அன்று குழுத் தலைவி முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். "பணம் கட்டுற இடத்துல 'இது பத்திரமில்லை'ன்னு வருதாம்மா. நாலு நாளா ஒரு ஆர்டர் இல்லை. எங்களைத் திருடிங்கன்னு நினைச்சிட்டாங்களோ?" என்றாள்.

"என் கம்ப்யூட்டரில் எச்சரிக்கை ஒன்றும் வரவில்லையே, அத்தை!" என்று அண்ணன் மகள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். என் கைப்பேசியில் திறந்தேன். வந்ததே எச்சரிக்கை!

இதென்ன ஓரவஞ்சனை என்கிறீர்களா? கேளுங்கள்.

உங்கள் பெண்ணுக்கு வெளியூரிலிருந்து ஒரு வரன் வருகிறது. "என் யோக்கியதைக்குத் திண்டுக்கல் மாமன் ஜாமீன்" என்கிறான் பிள்ளை. அந்த மாமனை நமக்குத் தெரியாது. ஆனால், "மாமன் நல்லவர்" என்று நம் தெருப் பெரியவர் எழுதிய கடிதமும் கூட வந்தால் சம்மதிப்போம் அல்லவா? பிரௌசரும் அப்படித்தான். அதற்குத் தெரிந்தவர்கள் சில பெரியவர்கள் மட்டுமே. அவர்கள் மூலச் சான்றிதழ்கள். இடைச் சான்றிதழ்தான் மாமன். சர்வர் தன் சான்றிதழோடு மாமனைப் பற்றிய கடிதத்தையும் நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால், சில பிரௌசர்கள் தாங்களே தேடிப் பிடிக்கும்; முன்பு எங்கோ பார்த்ததை ஞாபகமும் வைத்திருக்கும். மற்றவை, "தெரியாதவனை உள்ளே விடமாட்டேன்" என்று கதவைச் சாத்திவிடும்.

அண்ணன் மகள் கீடூல் என்ற கருவியைக் கொண்டு சாவிப் பெட்டியைச் சோதித்தாள். 'சான்றிதழ்ச் சங்கிலியின் நீளம்: 1' என்றது. அகப்பட்டது குற்றம்! சான்றிதழ் கொடுத்தவர்கள் இரண்டு கோப்புகள் அனுப்பியிருக்க, இவள் ஒன்றை மட்டும் பெட்டியில் வைத்திருந்தாள். ரகசியச் சாவி, சான்றிதழ், இடைச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்துப் புதுப் பெட்டி செய்தாள். இப்போது நீளம் 2. டாம்கேட்டை நிறுத்தித் திரும்பக் கிளப்பினாள். என் கைப்பேசி சாதுவாகிவிட்டது.

"பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றினாயா?" என்று கேட்டேன். அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். டாம்கேட் வழக்கமாக எதிர்பார்க்கும் கடவுச்சொல் 'சேஞ்சிட்'. 'மாற்றிவிடு' என்று அர்த்தம். அதையும் மாற்றாமல் விடுகிறவர்கள் உண்டே!

இத்தனை கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். 2014 ஜூலையில் நம் தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து, கூகிளின் பெயருக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்தது. உடனே மேற்பார்வை அதிகாரி அந்த மையத்தின் இடைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். மாமன் தவறினால் அவர் ஜாமீன் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தலைகுனிவுதானே!

நமக்கு இதில் பாடம் இரண்டு. எச்சரிக்கை வந்தால், "பரவாயில்லை" என்று தாண்டிப் போய்ப் பணம் கட்டாதீர்கள். கடைக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எச்சரிக்கை இல்லை என்பதற்காகக் கடைக்காரர் அரிச்சந்திரன் என்றும் நம்பிவிடாதீர்கள். வழியில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை, விலாசம் சரி என்பதற்கு மட்டுமே அந்தச் சான்று. சரக்கின் யோக்கியதையை நாம்தான் பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலமே ஓர் ஆர்டர் வந்தது. இறால் ஊறுகாய், இரண்டு பாட்டில். தலைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆர்டர் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். என் கைப்பேசியைச் சோதிக்க வேறு வழி?