உருவாக்கு என்னும் ஒரு சொல்

மாணாக்கர் கட்டுரைகளிலும் நாளிதழ்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இந்நாளில் ஒரு வினைச்சொல் அளவிறந்து வழங்குகின்றது. வேலைவாய்ப்பை உருவாக்குகின்றனர், பரபரப்பை உருவாக்குகின்றனர், சங்கத்தை உருவாக்குகின்றனர். சாம்பாரும் உருவாக்கப்படும் நாள் தொலைவில் இல்லை போலும். அண்மையில் யாம் படித்ததொரு கட்டுரையில், இராயபுரத்து மீனவர் கட்டுமரத்தை 'உருவாக்கினர்' என்றிருந்தது. ஆங்கே எம் பொறுமை எல்லை கடந்தது.

கட்டுமரத்தின் பெயரே அதன் வினையைக் கூறவில்லையா? மரங்களைச் செதுக்கி, ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றாற் கட்டுவர். கரையேறியபின் கட்டவிழ்த்து உலர்த்துவர். மறுபடி கடல்புகுங்கால் மறுபடியுங் கட்டுவர். அத்தொழில் முழுதும் அச்சிறு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றது. ஆங்கிலரும் ஸ்பானியரும் அதனைக் கட்டமரான் எனத் திரித்துத் தம் அகராதிகளில் ஏற்றிக்கொண்டனர். நம்மவரோ அதைக் கைநெகிழ விடுகின்றனர்.

'ஒரு வினை பல பொருட்கு உதவுதல் குற்றமோ?' எனச் சிலர் வினவக்கூடும். குற்றமன்று. ஆங்கிலத்தார் இரு வினைகளாற் பிரித்துக் கூறும் செய்தலையும் ஆக்கலையும் ஸ்பானியர் 'அசேர்' என்னும் ஒன்றினாலேயே கூறுவர். நம் 'செய்' என்பதும் அத்தகையதே: கடமையுஞ் செய்கின்றோம், நாற்காலியுஞ் செய்கின்றோம். ஆயினும் ஸ்பானியர், படைத்தற்குக் 'கிரெயார்' என்றும், ஆலையிற் செய்தற்குப் 'பாப்ரிகார்' என்றும் வேறு வினைகளையும் பேணி வைத்துள்ளனர்.

ஆதியாகமத்தை மொழிபெயர்த்தோர் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். எபிரேய மூலத்தில் வானும் பூமியும் தோன்றுமிடத்து ஒரு வினையும், ஆகாயவிரிவிற்கு மற்றொன்றும், மண்ணால் மனிதனை வனையுமிடத்து வேறொன்றும் உள்ளன. நம் பழைய தமிழ் வேதாகமம் அவற்றை முறையே சிருஷ்டித்தல், உண்டுபண்ணுதல், உருவாக்குதல் எனப் பெயர்த்தது. நோக்குக: 'உருவாக்கு' என்பது ஆங்கே களிமண்ணிற்கு வடிவந் தரும் செயலுக்கே உரியதாயிற்று. அதன் தகுதியும் அதுவே.

இஃது இலக்கணப் பூசல் மட்டுமன்று. எண்ணூரில் 1948-ஆம் ஆண்டு தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிற்று. திருவொற்றியூரில் என்பீல்டு நிறுவனம் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பொருத்தியே புல்லட் வண்டிகளை வெளிவிட்டது. உறுப்புகள் யாவும் இந்நாட்டிலேயே செய்யப்படுதற்கு 1962 வரை செல்லலாயிற்று. பொருத்துதல் வேறு, செய்தல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே கடைசலும் வார்ப்பும் கற்ற கைகளின் உழைப்பு பல்லாண்டு நிற்கின்றது. 'திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் உருவாக்கப்பட்டது' என ஒரே வரியில் எழுதிவிடின், அவ்வாண்டுகள் யாவும் மறைந்தொழியும். செய்தவர் யாவர் என்பதும் உடன் மறையும். அத்தொழிலாளர் பெயர்த்திகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருத்தல் கூடும்.

எம்மையும் இடர்ப்படுத்தும் ஒன்று உண்டு. காசிமேட்டில் இந்நாளில் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. அச்சின்மேல் இழைவிரிப்பைப் பரப்பி, பிசின் பூசி, அடுக்கடுக்காய் இறுகவிட்டு எடுப்பர், கயிறுமில்லை, முடிச்சுமில்லை. ஈண்டாவது 'உருவாக்கு' பொருந்துமே என்று யாம் ஒருவாறு இசைந்திருந்தோம். ஆனால் அக்கரையிலுள்ளார் அதனையும் படகு கட்டுதல் என்றே கூறுகின்றனர்.