காக்கிக்குக் கைதட்டும் சேரி

சிவகிரி வட்டாரத்தில் எந்தச் சேரியில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், போலீஸ் ஸ்டேஷன் வாசலைப் பயமில்லாமல் மிதிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று. வாசுதேவநல்லூரில் கேளுங்கள், புளியங்குடியில் கேளுங்கள், சங்கரன்கோவில் பக்கம் போய்க் கேளுங்கள். பதில் ஒன்றுதான். "அங்க எதுக்குப் போவானேன், போனா கேசு நம்ம மேலயே திரும்பும்." அடிபட்டுப் போய் நின்றால் எஃப்.ஐ.ஆர். போடமாட்டார்கள், ஒரு சி.எஸ்.ஆர். சீட்டு கொடுத்து அனுப்புவார்கள். அதற்குள் அடித்தவனிடமிருந்து ஒரு எதிர்ப்புகாரை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் இரண்டு காகிதத்தையும் மேஜைமேல் வைத்து, "ரெண்டு பேரும் சமாதானமாப் போறீயளா, இல்ல ரெண்டு பேரையும் உள்ள தூக்கி வைக்கட்டா?" என்பார்கள். இதையெல்லாம் நம்ம சனத்துக்குப் புதுசாகச் சொல்லவேண்டியதில்லை.

அதே சேரியில் டி.வி.யில் 'சாமி' படம் ஓடட்டும், 'சிங்கம்' ஓடட்டும். சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரைக்கும் உட்கார்ந்துவிடுவார்கள். இட்லிக்குப் பீர் ஊற்றிச் சாப்பிடுகிற ஆறுச்சாமிக்கு விசில் பறக்கும். துரைசிங்கம் ஓங்கி அறைந்தால் வீடு அதிரக் கைதட்டுவார்கள். நிஜ ஸ்டேஷனைப் பார்த்தால் சுற்றுவழியாகப் போகிற கால், படத்து ஸ்டேஷனுக்கு மட்டும் எப்படிக் குதித்துக்கொண்டு போகிறது? இதைக் கேட்காமல் தமிழ் சினிமாவில் சாதி என்று எவ்வளவு எழுதினாலும் அது அரைக் கணக்குதான். 'தேவர் மகன்', 'சின்னக் கவுண்டர்', 'நாட்டாமை' பற்றி நிறைய எழுதிவிட்டோம். பண்ணையார் படத்தின் மீசையை அடையாளம் கண்டுகொண்ட நாம், போலீஸ் படத்தின் மீசைக்குச் சாதி இல்லை என்று நம்பி ஏமாந்துகொண்டிருக்கிறோம்.

கொஞ்சம் வருஷங்களை அடுக்கிப் பார்க்கலாம்.

1991இல் 'கேப்டன் பிரபாகரன்' வந்தது. காட்டுக்குள் போய் வீரபத்திரனைப் பிடிக்கிற வனத்துறை அதிகாரி நாயகன். தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த வருஷம், 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைக் கிராமத்துக்குள் நிஜ வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்தன. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்றார்கள். ஊரைச் சூறையாடினார்கள், பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வல்லுறவு செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வர 2011 ஆனது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள், மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருஷம்.

1993இல் 'வால்டர் வெற்றிவேல்'. நேர்மையான போலீஸ் அதிகாரி. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளம். நூற்றுக்கணக்கான போலீசார் ஒரு தலித் கிராமத்துக்குள் இறங்கினார்கள். வளைகுடா நாட்டில் வேர்வை சிந்திச் சம்பாதித்து வாங்கிப் போட்ட டி.வி.யையும் ஃபேனையும் பீரோவையும் தேடித் தேடி உடைத்தார்கள். குடிக்கிற கிணற்றைக்கூட விடவில்லை என்று சனங்கள் சொன்னார்கள். எங்களை ஏன் அடித்தார்கள் என்பதைவிட, எங்க வீட்டு டி.வி.யை ஏன் உடைத்தார்கள் என்பது பெரிய கேள்வி. சேரிக்காரன் வீட்டில் டி.வி. இருப்பதே ஆகாதவர்களுக்கு, அந்த டி.வி.யில் தங்களைக் கடவுளாகக் காட்டுவது மட்டும் ஆகிறது.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் தடியடி. தாமிரபரணிக்குள் விரட்டி விரட்டி அடித்ததில் பதினேழு பேர் செத்தார்கள். இடுப்புக் குழந்தை ஒன்றும் அதில் சேர்த்தி. நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, 2003 மே மாதம் அதே திருநெல்வேலிக்கு ஆறுச்சாமி மாற்றலாகி வந்து இறங்குகிறார். ஊரைச் சுத்தப்படுத்துகிறார். அந்த ஊரில் ஆற்றங்கரை ஒன்று இருப்பதும், அதில் காக்கிச் சட்டைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதும் படத்துக்குத் தெரியாது. கடைசியில் பெருமாள் பிச்சையைச் சுட்டு, செங்கல் சூளையில் போட்டு எரித்துவிட்டு, ஆள் தலைமறைவு என்று சொல்லிவிடுகிறார். பிணத்தை இல்லாமல் ஆக்குவது, ஓடிப்போனான் என்று எழுதுவது. நிஜத்தில் இதைச் செய்தால் என்ன பெயர்? ஆட்கொணர்வு மனுப் போட்டு நம்ம பெண்கள் கோர்ட்டுப் படியில் காத்துக் கிடப்பது எதற்காக? படத்தில் அதுதான் கிளைமாக்ஸ், அதற்குத்தான் கைதட்டல்.

2010இல் 'சிங்கம்', தூத்துக்குடிச் சீமைக் கதை. 2020 ஜூன் மாதம் அதே தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம். செல்போன் கடை வைத்திருந்த அப்பனும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், ஸ்டேஷனுக்குள் போனார்கள், உயிரோடு வீடு திரும்பவில்லை.

படத்தைப் பார்த்துத்தான் போலீஸ்காரன் அடித்தான் என்று நான் சொல்லவரவில்லை. சினிமா வருவதற்கு முன்னாலும் அடித்தான். நான் சொல்வது வேறே. அடி விழும்போது பார்க்கிறவன் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று இந்தப் படங்கள் முப்பது, நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. காமிரா எப்போதும் லத்திக்குப் பின்னால் நிற்கிறது. லத்தியின் முன்னால் இருப்பவனுக்கு முகம் கிடையாது, வீடு கிடையாது, அவன் அம்மா கிடையாது. அவன் அடையாளமெல்லாம் கறுப்பு நிறம், கலைந்த தலை, கைலி, சேரிப் பேச்சு. அதாவது நாம். நம்மை அடிக்கிற காட்சிக்கு நாமே டிக்கெட் எடுத்து, நாமே விசிலடித்துவிட்டு வருகிறோம்.

சாத்தான்குளத்துக்குப் பிறகு இயக்குநர் ஹரி, போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். அதைக் கேலி செய்யவேண்டாம், அந்த அளவுக்காவது சொல்ல எத்தனை பேருக்கு மனசு வந்தது? ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. கொடியன்குளம் நடந்து எட்டு வருஷம், தாமிரபரணி நடந்து நாலு வருஷம் கழித்துத்தான் முதல் படமே எடுத்தீர்கள். அப்போது வராத வேதனை 2020இல் ஏன் வந்தது? கடை வைத்திருந்தவர்கள் செத்தபோதுதான் லாக்கப் சாவு என்றால் என்னவென்று இந்தச் சமூகத்துக்கே புரிந்தது. அவர்களுக்காக நாமும் அழுதோம், அழவேண்டியதுதான். ஆனால் மாடு திருடினான், வயர் திருடினான் என்று கூட்டிக்கொண்டு போகப்பட்டு வராமல் போன நம்ம ஆட்களுக்கு டி.வி. எத்தனை நாள் அழுதது?

சாத்தான்குளத்தில் இன்னொன்றும் நடந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் காமிராவில் பதிவானது தினமும் தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்ததைக் கண்டு எழுதினார். அங்கே வேலைபார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், ராத்திரி முழுக்க அடித்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். கூட வேலைபார்ப்பவர்கள் வெளியே நிற்கும்போதே சொன்னார். காக்கிச் சட்டைக்குள் வீரம் என்றால் அதுதானே வீரம்! பறந்து பறந்து அடிப்பவனுக்கு ஐந்து பாகம் எடுக்கிறவர்கள் அந்த அம்மாவை வைத்து ஒரு பாகம் எடுக்கட்டுமே. எடுக்கமாட்டார்கள். வீரம் என்றால் அடிப்பது, சாட்சி சொல்வது துரோகம். இதுதான் போலீஸ் படத்தின் தர்மம்.

இப்போது செல்போனிலேயே சீரியல் வந்துவிட்டது. 'விலங்கு' (2022) பார்த்தேன். விறுவிறுப்பு இருக்கிறது, ஸ்டேஷனுக்குள் இருக்கும் அலுப்பும் பயமும் மேலதிகாரிக் கெடுபிடியும் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் அடித்தால் உண்மை வரும் என்பதை அதுவும் விடவில்லை. அடி, அழுகை, உண்மை, கேஸ் முடிந்தது. இந்த மாதிரித் தொடர்கள் எல்லாமே இந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடுகின்றன. வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவே சொன்னது, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டமும் 23ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. போலீஸ் அடித்து வாங்குவது உண்மையல்ல என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. நம்ம சீரியல்காரர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. 2023இல் அம்பாசமுத்திரத்தில் என்ன புகார் வந்தது? விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களின் பல்லைப் பிடுங்கினார்கள் என்று. உயர் அதிகாரி ஒருவர் சஸ்பெண்ட் ஆனார், சி.பி.சி.ஐ.டி. வழக்கு வந்தது. அம்பாசமுத்திரம் எங்கேயோ இல்லை, தென்காசி எல்லையைத் தாண்டினால் வந்துவிடும்.

'வேட்டையன்' (2024) என்கவுண்ட்டரைக் கேள்வி கேட்கிற படம் என்றார்கள். 'ஜெய் பீம்' எடுத்தவர் எடுத்தது என்பதால் நம்பிப் போனோம். குற்றமே செய்யாத ஏழைப் பையனை ரஜினி சுட்டுவிடுகிறார், பிறகு உண்மை தெரிந்து வருந்துகிறார். நியாயம் பேசுகிற இடங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் முதல் பாதியில் என்ன நடக்கிறது? அதே துப்பாக்கிக்கு அதே இசை, அதே நடை, அதே விசில். ஒரு கையால் என்கவுண்ட்டரை விற்று, மறு கையால் அதற்கு வருத்தம் விற்றால் எப்படி? சுட்டவனின் மனசாட்சி இரண்டே முக்கால் மணிநேரம் பேசுகிறது, செத்தவனின் தெரு அதில் எவ்வளவு நேரம் வருகிறது?

எதிர்ப்புறத்துப் படங்களும் இருக்கின்றன, அவற்றையும் சும்மா விடக்கூடாது. 'விசாரணை' லாக்கப்பின் நாற்றத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது, அதற்கு நன்றி. 'ஜெய் பீம்' 1993 ராஜாக்கண்ணு வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த மனிதர் குறவர், படத்தில் இருளர். ஒரு சனத்தின் இழப்பை இன்னொரு சனத்தின் பெயரில் எழுதினால் இரண்டு பேருக்கும் அது நியாயமா? கடைசியில் ஜெயிப்பதும் வக்கீல்தான், பக்கத்தில் ஒரு நல்ல ஐ.ஜி. 'விடுதலை' முதல் பாகத்தில் ஊர்ப் பெண்களைத் துணியுருவிச் சித்திரவதை செய்வதை அவ்வளவு நேரம் காட்டியது யாருக்காக? வாச்சாத்திப் பெண்கள் அந்தக் காட்சியைப் பார்ப்பார்கள் என்று நினைத்து எடுத்தார்களா? நம்ம உடம்பு வலிப்பதை மற்றவர்களுக்குக் காட்டிக் காட்டியே அவர்களை நல்லவர்களாக ஆக்கவேண்டும் என்கிற கடமை நமக்கு இல்லை.

மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) வேறே மாதிரி. பெரியவர்களைக் கூட்டிப்போய் அடிக்கிற அதிகாரிக்குக் கோபம் எதில்? அவர்களுக்கு ராஜாக்கள் பெயர் இருக்கிறது, தலைப்பாகையை எடுக்காமல் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்பதில். கொடியன்குளத்தில் பீரோவை உடைத்த கை இந்தக் கோபத்தில்தான் உடைத்தது. அந்த இடத்தைப் படம் சரியாகத் தொட்டது. ஆனால் படம் வந்ததும் நடந்த சண்டையைப் பாருங்கள். 1997 என்று போட்டிருந்தார்கள். எங்க ஆட்சியில் நடந்தது மாதிரி ஆகிறதே என்று ஆட்சேபம் வந்தது, '90களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். கொடியன்குளம் நடந்தது 1995இல். எந்த வருஷம், எந்தக் கட்சி ஆட்சி என்று பெரிய வீட்டுக்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள். 1995இல் ஒரு கட்சி, 1999இல் இன்னொரு கட்சி, லத்தி ஒன்றுதான் என்பதை யாரும் பேசவில்லை.

'ரைட்டர்' (2021) பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். அதில் ஒரு ஸ்டேஷன் ரைட்டர், போலீசுக்குச் சங்கம் வேண்டும் என்று கேட்டுத் தேய்ந்துபோன மனுஷன். போலீசைப் பற்றி ஆராய்ச்சி செய்த தலித் பையனைச் சட்டத்துக்கு விரோதமாக அடைத்து வைக்கிறார்கள். குதிரை ஏறவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு பெண் போலீசுக்குச் சாதி பார்த்துக் குதிரையை மறுக்கிறார்கள். காக்கிக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்ம பிள்ளைகள் விடியக்காலை ரோட்டில் ஓடுகிறார்கள். போலீஸ் செலக்ஷனுக்குத்தான். 'ஏல, நம்ம பய போலீசாகக் கூடாதா?' என்று கேட்பீர்கள். ஆகட்டும், கட்டாயம் ஆகட்டும். அந்தச் சட்டை போட்டால் தேநீர்க் கடையில் ஒருத்தன் எழுந்து இடம் விடுவான் என்றுதான் ஓடுகிறான், அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் அவன் மனசில் இருப்பது ஆறுச்சாமியா, சாத்தான்குளத்துத் தலைமைக் காவலரா? அதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

'இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு, போட்டு நோண்டுதியளே' என்பவர்களுக்கு ஒன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அந்த வழக்கை விசாரிக்கவேண்டியவர் டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி என்று 1995 விதிகள் சொல்கின்றன. கடமையைச் செய்யாத அதிகாரிக்கே தண்டனை உண்டு என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. 'சிங்கம்' இரண்டாம் பாகத்தில் (2013) துரைசிங்கம் தூத்துக்குடியில் டி.எஸ்.பி. தென்மாவட்டத்து டி.எஸ்.பி.யின் மேஜையில் எந்தக் கேஸ் கட்டு இருக்கும் என்று நமக்குத் தெரியும். அவரோ கடத்தல்காரனைத் தேடிக் கடலைத் தாண்டிப் போகிறார். நான் பார்த்த இந்த வகைப் படங்களில் ஒரு நாயகன்கூட வன்கொடுமை வழக்கு ஒன்றைப் பதிந்ததில்லை. பொழுதுபோக்கு என்றால் எல்லாவற்றையும் மறக்கவேண்டும்தானே? சரியாக இந்த ஒரு கேஸ் கட்டை மட்டும் மறப்பானேன்?

மீனாட்சிபுரம் தென்காசிக்குப் பக்கத்து ஊர். 1981 பிப்ரவரியில் அந்தச் சனங்கள் இஸ்லாத்துக்குப் போனபோது சொன்ன காரணங்களில் போலீஸ் தொல்லையும் ஒன்று. மதத்தையே விட்டுப் போகிற அளவுக்கு ஒரு ஸ்டேஷன் மனுஷனை விரட்டும் என்றால், அந்த ஸ்டேஷன் கதையை எழுதவேண்டியது ஆறுச்சாமிக்கு வசனம் எழுதுகிறவர்களா?

ஸ்டேஷன் பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்தவர்கள், மகனைத் தேடிக் கோர்ட்டுக்கு நடந்தவர்கள், காக்கி போட்டும் சாதி விடாதவர்கள், எல்லாரும் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த போலீஸ் படம் வரும், போய்ப் பாருங்கள், பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அடி விழும்போது மட்டும், அடிபடுகிறவன் முகத்தைத் தேடிப் பாருங்கள்.